உங்களுக்கு யார் வந்தது?

முப்பத்தோரு வருடங்களில் நூற்று இருபத்தாறு பேரைக் கொன்ற எழுத்தாளர் இரும்பொறைக்கு ரத்தம் என்றால் ஆகாது. சர்க்கரைப் பரிசோதனைக்கு ஒரு சொட்டு எடுப்பதென்றாலும் பக்கத்தில் மனைவி நின்று கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். புத்தகத்தின் பின்னட்டையில் கறுப்புக் கண்ணாடியும், மதுரை வெயிலுக்குச் சற்றும் பொருந்தாத தோல் சட்டையுமாக முறைத்துக்கொண்டிருப்பவரின் சொந்தப் பெயர் தாமோதரன். கரப்பான் பூச்சி வந்தால் நாற்காலி மேல் ஏறிவிடுவார்.

மனைவி செண்பகவல்லி, பெண்கள் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். கல்யாணமான புதிதில், கணவர் எழுதிய ஒரு நாவலில் கதாநாயகனின் சித்தப்பா நீல நிற விஷத்தைக் குடித்துவிட்டு அரை நிமிடத்தில் செத்துப்போனார். செண்பகவல்லி அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: ‘இதைக் குடித்தால் பேதிதான் ஆகும்.’

அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. எந்த நாவலும் அச்சுக்குப் போகுமுன் அவர் கைக்கு வரும். பரீட்சைத் தாள் திருத்துகிற முகத்தோடு உட்கார்ந்து படிப்பார். யார் மேல் சந்தேகம், ஏன் சந்தேகம், யாரை இன்னும் இரண்டு பக்கத்துக்கு நல்லவராகக் காட்ட வேண்டும், எல்லாவற்றையும் ஓரத்தில் குறிப்பார். ஐந்தாம் அத்தியாயத்துக்குள் கொலையாளியின் பெயரைச் சரியாக எழுதிவிட்டால், தாமோதரன் தலையில் கை வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து எழுதுவார். இரும்பொறையின் முடிவை யாராலும் ஊகிக்க முடியாது என்று தமிழ்நாடு பேசிக்கொண்டது. ஊகிக்க முடிந்த ஒருத்தி சமையலறையில் இருந்தது தமிழ்நாட்டுக்குத் தெரியாது.

இப்படியே போயிருக்கும். ‘துப்பு’ வந்து கெடுத்தது.

துப்பு என்பது சென்னையில் தொடங்கிய ஒரு வாசிப்பு நிறுவனம். அவர்கள் கொடுக்கும் டேப்லெட்டில், சுருக்கமாக டேப்பில், நாவல் படிக்க வேண்டும். மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். அதன் விசேஷத்தை முதல் சந்திப்பிலேயே பொறியாளர் பர்வீன் விளக்கினார்.

“யாரு பேரு வர்றப்ப வாசகரோட நாடி துடிக்குது, எந்த வரிக்குக் கண்ணு திரும்பிப் போகுதுன்னு பார்த்துக்கிட்டே, அதுக்கேத்த மாதிரி நீங்க எழுதின காட்சியையும் அங்கங்க மாத்திக்கிட்டே வரும் சார். இருபது அத்தியாயம் முடியறதுக்குள்ள இவங்க யார் யாரைச் சந்தேகப்படறாங்கன்னு அதுக்குத் தெரிஞ்சிடும். யாரைத் துளிகூடச் சந்தேகப்படலையோ, அவங்கதான் கொலையாளி. இருபத்தொண்ணாவது அத்தியாயத்தை அப்பவே எழுதிடும்.”

“அப்படின்னா ஆளுக்கு ஒரு கொலையாளியா?”

“ஆமா சார்.”

“உண்மையான கொலையாளி யாரு?”

நிறுவனத்தின் விளம்பரப் பொறுப்பாளர் ஜெபராஜ் வாய்விட்டுச் சிரித்தார். “அது எதுக்கு சார் நமக்கு?”

இயந்திரத்துக்கு ஒரே ஒரு குறை. அதற்குச் சந்தேகப்படத் தெரியாது. கைதேர்ந்த ஒரு சந்தேகப் பிராணியிடம் அது பாடம் படிக்க வேண்டும். அந்த ஒருவரை அளவுகோலாக வைத்துக்கொண்டுதான் மற்ற வாசகர்களை அது அளக்கும். அதற்காகத்தான் இரும்பொறையின் பழைய கையெழுத்துப் பிரதிகளைக் கேட்டார்கள். இரண்டு டிரங்குப் பெட்டிகளில் கொண்டுபோய் வைத்தார் தாமோதரன். பர்வீன் ஒரு கட்டைப் பிரித்துப் புரட்டியவர், அப்படியே நின்றுவிட்டார்.

“இந்தப் பென்சில் குறிப்பெல்லாம்... யப்பா! இதைத்தான் சார் தேடிக்கிட்டிருந்தோம். இது யாரு சார் எழுதினது?”

ஜெபராஜ் தாமோதரனைச் சாமியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைதான் கெடுத்தது.

“என்னோடதுதான்” என்றார் தாமோதரன்.

ஒப்பந்தத்தில் ‘மூல வாசகர்: இரும்பொறை’ என்று ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்து, பிரதிகளை ஓர் ஆவணக் காப்பகம் பத்திரப்படுத்தக் கேட்டதாகச் சொல்லிவைத்தார்.

“அவ்வளவு பெரிய இடமா?” என்று கூச்சப்பட்டார் செண்பகவல்லி. “சொல்லியிருந்தா என் கிறுக்கலை எல்லாம் அழிச்சிக் குடுத்திருப்பேனே. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

அந்த வார்த்தை தாமோதரனின் தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கியது. ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு இறக்கிவிட்டார்.

இயந்திரத்துக்காக அவர் எழுதிய முதல் நாவல் ‘சுலோச்சனா சாப்பிடவில்லை’. மருமகள் சுலோச்சனா விஷத்தால் இறக்கிறாள். சந்தேகத்துக்கு உரியவர்கள் ஆறு பேர்: கணவன், மாமியார், நாத்தனார், குடும்ப டாக்டர், டிரைவர், மாடியில் குடியிருப்பவர். முதன்முறையாக ஒரு நாவலைச் செண்பகவல்லியிடம் காட்டவில்லை. “கம்பெனிக்காரங்க வெளியே காட்டக்கூடாதுன்னுட்டாங்க” என்றார். “சரிங்க” என்று அவர் வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டார்.

நாவல் வெளிவந்து பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதினோராம் நாள் திருநெல்வேலியில் ஒரு புத்திசாலி கண்டுபிடித்தாள். அவளுக்குக் கணவன்தான் கொலையாளியாக வந்தான். அவள் தங்கைக்கு டிரைவர் வந்தான். அக்காள் யோசித்தாள். சந்தேகமே இல்லாத ஆள்தான் கொலையாளி என்றால், எனக்குக் கணவன் என்கிற ஜாதியின் மேலேயே அப்பழுக்கற்ற நம்பிக்கை என்று அர்த்தம். தங்கை அப்படியில்லை. இதை நாலு பேருக்குத் தெரியும்படி எழுதியும் வைத்தாள்.

அவ்வளவுதான். பஞ்சுப் பொதியில் நெருப்பு விழுந்தது.

வீட்டுக்கு வீடு ஒரே கேள்வி: ‘உங்களுக்கு யார் வந்தது?’ கணவன் வந்த பெண்கள் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். டிரைவர் வந்த பெண்கள் டேப் கெட்டுப்போய்விட்டது என்றார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் பாடச் சொல்வதை விட்டுவிட்டு, “பொண்ணுக்கு யாரு வந்துச்சுன்னு கேட்டுச் சொல்லுங்க” என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். கணவனை வரவழைப்பது எப்படி என்று கற்றுத்தரும் பயிற்சி வகுப்புகள் முளைத்தன. மூச்சை அடக்கு, டிரைவர் வரும்போது பதறு, கணவன் வரும்போது கோயிலை நினைத்துக்கொள். இயந்திரம் ஏமாறவில்லை. கணவனே வந்த ஆண்களோ தங்களுக்குத் தன்னம்பிக்கை அதிகம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

மாமியார் கொலையாளியாக வந்த பெண்கள் மாநிலம் முழுவதும் மூன்றே பேர். அவர்களுக்கு ஈரோட்டில் பாராட்டு விழா நடந்தது. பொன்னாடை போர்த்தும்போது விசாரித்ததில், ஒருத்திக்கு மாமியாரே இல்லை என்று தெரிந்தது.

தாமோதரன் ஊர் ஊராகப் போனார். தோல் சட்டைக்குள் வேர்வை ஆறாக ஓடியது. மேடையில் எதைக் கேட்டாலும் “அது உங்க மனசுக்குத் தெரியும்” என்று சொல்லச் சொல்லியிருந்தார் ஜெபராஜ். அவரும் சொன்னார். கைதட்டினார்கள். முன்பெல்லாம், ‘சார், தோட்டக்காரன்தான்னு நான் நினைக்கவே இல்ல’ என்று வந்து நிற்கும் வாசகர்களிடம் ஒரு மணி நேரம் பேசுவார். இப்போது தோட்டக்காரனைப் பற்றிப் பேச யாருமில்லை. சுலோச்சனாவை யாரோ கொன்றுவிட்டார்கள் என்பதே எவருக்கும் நினைவில்லை.

திண்டுக்கல்லில் கையெழுத்து வாங்கும் வரிசையில் ஒரு பெண் நின்றாள். முப்பது வயதிருக்கும். டேப்பைப் புடவைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்தாள்.

“எனக்கு டிரைவர் வந்துட்டாரு சார்.”

“சந்தோஷம்மா. டிரைவர் ரொம்ப சுவாரசியமான...”

“எங்க வீட்டுக்காரர் ஒன்பது நாளா பேச மாட்டேங்கிறாரு. சாப்பாட்டை எடுத்து வச்சா, அவங்கம்மா கையால போட்டாதான் சாப்பிடறாரு. ‘அப்ப இத்தனை நாளா என்னைச் சந்தேகப்பட்டுக்கிட்டுத்தானே இருந்த, அந்த டிரைவரை மட்டும் அப்படி நம்பினியா’ன்னு கேக்கறாரு.” அவள் குரல் தாழ்ந்தது. “எங்க வீட்டுல கார்கூட இல்ல சார்.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“நீங்கதானே எழுதினீங்க. இதுல மட்டும் புருஷன்னு மாத்திக் குடுத்துடுங்க சார். ஒரு வார்த்தைதானே.”

நூற்று இருபத்தாறு நாவல்களின் முடிவை மாற்றி மாற்றி எழுதிய கை மேசை மேல் சும்மா கிடந்தது. அந்த இருபத்தொன்றாவது அத்தியாயத்தில் அவர் எழுதியது ஒரு வரிகூட இல்லை. “அன்புடனும் சந்தேகங்களுடனும், இரும்பொறை” என்று வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, தலைப்பில் மறுபடி சுற்றிக்கொண்டு போனாள்.

அன்றைக்குத் திரும்பி வரும்போதுதான் ஜெபராஜ் குண்டைப் போட்டார்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை மதுரையிலேயே கல்யாண மண்டபம் பிடிச்சாச்சு சார். தம்பதி வாசிப்பு விழா. நூறு ஜோடி. மேடையில மேடம்! கடைசி அத்தியாயத்தை மைக்குல அவங்களே வாசிக்கிறாங்க. இரும்பொறையின் இல்லத்தரசிக்கு யார் வந்தது? நேரலை!”

“அவ டேப்ல எல்லாம் படிக்க மாட்டா ஜெபராஜ்.”

“படிக்கிறதா ஒத்துக்கிட்டாங்க சார். காலையிலதான் போன்ல பேசினேன்.”

தாமோதரனுக்கு இரண்டு பயங்கள் ஒன்றாக வந்தன. முதல் பயம் ஊருக்கெல்லாம் வந்ததுதான். டிரைவர் வந்துவிட்டால்? இரண்டாவது பயம் அவருக்கு மட்டுமே உரியது. அந்த இயந்திரம் சந்தேகிப்பது செண்பகவல்லியைப் போல. யாரை எப்போது நல்லவராகக் காட்டும், யாரை எப்போது ஊருக்கு அனுப்பும் என்பதெல்லாம் செண்பகவல்லி ஓரத்தில் எழுதியது. மற்றவர்களுக்கு அது வெறும் கதை. தன் கையெழுத்து அவளுக்கா தெரியாது?

சனிக்கிழமை காலை பட்டையைக் கட்டிக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்தார் செண்பகவல்லி. தாமோதரன் எதிரே பேப்பரை விரித்துக்கொண்டு, அதற்கு மேலாக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அவர் தனக்குத் தானே சிரித்தார்.

“என்ன?”

“ஒண்ணுமில்லங்க. இந்த இடத்துல டாக்டரை ரெண்டு நாள் எங்கேயாவது அனுப்பினா நல்லாருக்கும்னு நினைச்சேன். பக்கத்தைத் தள்ளினா, மனுஷன் திருச்சிக்குக் கிளம்பிட்டாரு.”

“தற்செயல்தான்.”

“இருக்கும்.” கொஞ்ச நேரம் படித்துவிட்டு மறுபடி சொன்னார். “ஆனா ஒண்ணு. என் மனசுல ஓடறதை இவ்வளவு சரியாப் புரிஞ்சிக்கிட்டு யாரும் எழுதினதில்ல. நீங்ககூட.”

இருபதாவது அத்தியாயத்தோடு டேப் பூட்டிக்கொண்டது. மிச்சம் மேடையில்தான் திறக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை டிபனுக்கு ரவா உப்புமா. தாமோதரனுக்கு உப்புமா பிடிக்காது. ஆனாலும், “இன்னிக்கு உப்புமா பிரமாதம்” என்றார். தண்ணீர் குடித்துவிட்டு, “முந்திரி எல்லாம் போட்டு... பிரமாதம்” என்றார். கை கழுவப் போகும்போது இன்னொரு தரம் சொன்னார். செண்பகவல்லி கருநீலப் பட்டுப்புடவையின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார்.

மண்டபத்தில் தாம்பூலப் பை எல்லாம் கொடுத்தார்கள். பையில் ஒரு தேங்காய், ஒரு மணிக்கட்டுப் பட்டை. நூறு ஜோடிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். செண்பகவல்லி மணிக்கட்டில் பட்டையோடு, மைக் முன்னால் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வகுப்பறைக் குரலில் படிக்க ஆரம்பித்தார். போலீஸ் அதிகாரி எல்லோரையும் கூடத்துக்கு அழைக்கிறார். டிரைவர் இல்லை என்கிறார். டாக்டர் இல்லை. மாமியார் இல்லை. மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

“‘சுலோச்சனா இறந்த அன்று நீங்கள் குழம்பைப் பாராட்டினீர்கள்’ என்றார் அதிகாரி. ‘ஒரு முறை அல்ல, மூன்று முறை. பத்து வருடமாகச் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதவர்...’”

அங்கே குரல் நின்றது.

தாமோதரனுக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு நாவலின் ஓரத்தில் படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ‘குற்றம் செய்த கணவன் அன்றைக்குச் சமையலை அளவுக்கு மீறிப் பாராட்டுவான். மூன்று முறை சொன்னால் நிச்சயம்.’ குற்றக்கதையிலேயே காலத்தை ஓட்டிய மனிதர், காலையில் அதைத்தான் அட்சரம் பிசகாமல் செய்திருந்தார்.

செண்பகவல்லி தலையைத் திருப்பி அவரை ஒரு தரம் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. விடைத்தாளில், தான் எதிர்பார்க்காத மாணவி காப்பி அடித்திருப்பதைக் கண்ட டீச்சரின் பார்வை. பிறகு கடைசி வரியைப் படித்தார்.

“‘ஆமாம்’ என்றான் கணவன். ‘நான்தான்.’”

மண்டபம் எழுந்து நின்று ஆரவாரித்தது. கணவன்! கணவன்! யாரோ குலவையிட்டார்கள். ஜெபராஜ் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, “முப்பத்தோரு வருஷம்! ஒரு துளி சந்தேகம் இல்லை! மேடம், இந்த நம்பிக்கையோட ரகசியம் என்ன?” என்று கத்தினார்.

“ரகசியம் ஒண்ணுமில்ல” என்றார் செண்பகவல்லி. “சந்தேகத்தை எல்லாம் பேப்பரோட ஓரத்துல எழுதித் தீர்த்துடுவேன். வீட்டுக்குன்னு மிச்சம் வைக்கல.”

அதற்கும் கைதட்டினார்கள்.

காரில் ஏறி, தெப்பக்குளம் தாண்டியதும் செண்பகவல்லி கேட்டார்.

“காப்பகம்னு ஒண்ணு இல்லதானே?”

“இல்ல.”

“பென்சில் யாரோடதுன்னு கேட்டிருப்பாங்களே. என்ன சொன்னீங்க?”

“...என்னோடதுன்னு.”

செண்பகவல்லி தலையை ஆட்டிக்கொண்டார். “அந்த மெஷின் பொய் சொல்லலைங்க. கடைசி அத்தியாயம் ஆரம்பிக்கிற வரைக்கும் உங்க மேல எனக்கு ஒண்ணுமே இல்ல. அவங்க கைதட்டினது சரிதான். அதுவரைக்கும் சரிதான்.” பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சண்டை போட்டிருந்தால் தாமோதரன் சமாளித்திருப்பார். அவர் எழுதிய கணவன்மார்கள் எல்லோரும் சண்டையைச் சமாளித்தவர்கள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பர்வீன் போன் செய்தார். ஜெபராஜும் அதே அழைப்பில் பின்னால் பதறிக்கொண்டிருந்தார்.

“சார், ஞாயித்துக்கிழமையில இருந்து யாருக்குமே கணவன் வரல” என்றார் பர்வீன். “பதினோராயிரம் பேரு படிச்சு முடிச்சிருக்காங்க. ஒருத்தருக்குக்கூட இல்ல. எல்லாம் டிரைவரும் டாக்டரும்தான்.”

“தேனியில ஒரு நிச்சயதார்த்தம் நின்னுபோச்சு சார்!” என்றது ஜெபராஜின் குரல். “கணவன் வரலைன்னு கேஸ் போடுவேங்கிறாங்க!”

“பழுதா?” என்றார் தாமோதரன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

“பழுது இல்ல சார். அதான் புரியல. எங்க நிறுத்துறாங்க, எந்த வரிக்குத் திரும்பிப் போறாங்க, எல்லாத்தையும் வச்சு, ஞாயித்துக்கிழமை மேடையில படிச்சவங்கதான் தன்னோட மூல வாசகர்னு மெஷின் முடிவு பண்ணிடுச்சு. அந்த ஒருத்தரை வச்சுத்தானே எல்லாரையும் அளக்குது. அவங்களுக்குக் கடைசி அத்தியாயத்துக்கு நடுவுல கணவன் மேல திடீர்னு பெரிய சந்தேகம் வந்திருக்கு. அதை அப்படியே பாடமா எடுத்துக்கிச்சு. இனிமே யாரு படிச்சாலும், கணவன்னா சந்தேகப்பட வேண்டிய ஆளுன்னுதான் அது ஆரம்பிக்கும். ஆனா, மூல வாசகர் நீங்கதானே சார்? படிச்சது மேடம்தானே?”

ஜெபராஜுக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. “அதை விடுங்க பர்வீன். சார், சிம்பிள். ஒப்பந்தப்படி மூல வாசகர் நீங்க. ஒரு பட்டை அனுப்பறேன். இன்னொரு தடவை உட்கார்ந்து, கணவன் மேல நல்ல நம்பிக்கையோட படிச்சுடுங்க. உங்களை நீங்களே நம்ப மாட்டீங்களா? தமிழ்நாடே காத்துக்கிட்டிருக்கு சார்!”

செண்பகவல்லி கூடத்தில் தரையில் பேப்பர் விரித்து, பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தார். மூன்று நாளாக வேளைக்குச் சாப்பாடு இருந்தது. கேட்டதற்குப் பதில் இருந்தது. வேறொன்றும் இல்லை.

தாமோதரன் தொண்டையைச் செருமினார்.

“பர்வீன், அந்தப் பென்சில் என்னோடது இல்லம்மா. ஒரு வரிகூட என்னோடது இல்ல. அன்னிக்கு நான் பொய் சொன்னேன். உங்க மெஷின் கரெக்டாத்தான் கண்டுபிடிச்சிருக்கு.”

அவர் நடந்துபோய்ச் செண்பகவல்லியிடம் போனை நீட்டினார். அவர் உடனே வாங்கவில்லை. புடவைத் தலைப்பில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு, வாங்கி ஸ்பீக்கரில் போட்டு, பேப்பர் மேல் கிடத்தினார்.

“சொல்லும்மா.”

“மேடம்... முதல்ல மன்னிச்சிடுங்க. எங்களுக்குத் தெரியாது” என்றார் பர்வீன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நடந்ததை எல்லாம், தேனி வரைக்கும், மறுபடி சொன்னார்.

“மேடம், வணக்கம் மேடம்!” ஜெபராஜ் இடையில் புகுந்தார். “அட்டையில உங்க பேரு, மூல வாசகர்னு உங்க போட்டோ, எல்லாம் பண்ணிடலாம். கணவன் மட்டும் திரும்ப வரணும். எப்ப படிக்கிறீங்க? தை மாசம் முகூர்த்தம் நிறைய இருக்கு!”

“பேரைப் போடுங்க. அது போட வேண்டியதுதான். ஆனா முகூர்த்தத்தைப் பார்த்து நம்பிக்கை வராதுங்க” என்றார் செண்பகவல்லி. “திண்டுக்கல்லோ தேனியோ, எந்தப் பொண்ணு கேட்டாலும் இதைச் சொல்லுங்க. டிரைவர் வந்தா அது அவ சந்தேகம் இல்ல. மதுரையில ஒரு டீச்சரோட சந்தேகம்னு சொல்லுங்க.”

“அப்படி எல்லாம் வெளியே சொல்ல முடியாது மேடம். எப்பதான் சரியாகும்? ஒரு தேதி மட்டும்...”

செண்பகவல்லி அடுத்த பீன்ஸை எடுத்தார். தாமோதரன் மெல்ல எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பீன்ஸை எடுத்து, இரு முனையையும் கிள்ளி, நாரை உரித்து, ஆய்ந்து முடித்த குவியலில் வைத்தார்.

செண்பகவல்லி அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கத்து நார் அப்படியே இருந்தது. அதை ஆயாத குவியலில் திருப்பிப் போட்டார்.

“மேடம்? லைன்ல இருக்கீங்களா?” என்றார் ஜெபராஜ்.

தாமோதரன் அதையே மறுபடி எடுத்தார்.